குழம்பு வாளி வரும் வரை

முதலில் எனக்குத் துரோகம் செய்தவன் ஏசுவடியான். என் சித்தப்பா மகன். அவனுக்குப் பிறகு வரிசையாக ஆள் உண்டு, அரிசி மில் முதலாளி, என் மூத்த மகன், கடைசியாக இந்த வலது கை. ஆனால் தொடங்கி வைத்தவன் அவன்தான். இப்போது பந்தல் வாசலில் தோளில் துண்டோடு நிற்கிறான், சமையல் கொட்டகையிலிருந்து குழம்பு வாளி வரட்டும் என்று. நான் இங்கே தரையில், பாயில், சப்பணம் போட முடியாமல் ஒரு காலை நீட்டி ஒரு காலை மடக்கி, வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஆலயத்தின் அசனம். வருஷத்துக்கு ஒருமுறை ஊர் கூடிச் சமைத்து, ஜெபம் பண்ணி, வந்தவர்கள் எல்லோருக்கும் போடுகிற சாப்பாடு. மேஜை நாற்காலி கிடையாது. காரில் வந்தவனும் நடந்து வந்தவனும் ஒரே தரையில்தான் உட்கார வேண்டும். அந்த வழக்கத்தை மாற்றக் கூடாது என்று ஒரு காலத்தில் கமிட்டியில் சத்தம் போட்டவனே நான்தான். இன்றைக்கு என்னைத் தரையில் இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. மருமகள் எப்சிபா ஒரு பக்கம், யாரோ ஒரு பையனின் தகப்பன் மறுபக்கம். மூட்டையை இறக்குவது போல இறக்கினார்கள். மூட்டையை இறக்குகிறவனுக்காவது மூட்டை கிழியக் கூடாதே என்று ஒரு கவலை இருக்கும். இவன் என்னை இறக்கிக்கொண்டே அந்தப் பக்கம் யாரையோ பார்த்துச் சிரித்தான்.

இந்தக் கை. அரிசி மில்லில் லோடுமேன் வேலை பார்த்த கை. ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது பிரஷ் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தால் கை வரவில்லை. அவ்வளவுதான், அதற்குப் பிறகு அது என் கை இல்லை. கால் பாதி திரும்பி வந்தது, வாய் கோணினது நேராகிவிட்டது, கை மட்டும் தோளில் தொங்கிக்கொண்டு, நான் சொல்வதைக் கேட்காமல், தூங்கும்போது தானாக ஆடிக்கொண்டு. விரல் மடங்கும், பிசையும், முழங்கை மட்டும் ஏறாது. நெஞ்சு வரைக்கும் வந்து நின்றுவிடும். வீட்டில் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறேன். வீட்டில் யார் பார்க்கிறார்கள். அசனத்தில் இடது கையை இலையில் வைப்பதா. ஜெபம் பண்ணின சோற்றில். பக்கத்தில் இருப்பவன் எழுந்து வேறு இலைக்குப் போய்விடுவான். போக மாட்டான், பரிதாபப்படுவான், அது அதைவிட மோசம். காலையில் எப்சிபா கேட்டாள், மாமா, ஸ்பூன் எடுத்துக்கிடவா என்று. வேண்டாம் என்றேன். அப்போ நான் தூக்குச் சட்டியில வாங்கி வீட்டுக்குக் கொண்டாந்துருதேன், வீட்டுல இருந்து சாப்பிடுங்க என்றாள். தூக்குச் சட்டியில் போவது படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு. ஊரில் யார் யார் எழுந்திருக்க மாட்டார்கள் என்று தெரிய வேண்டுமானால் அசனத்தன்று எந்தெந்த வீட்டுக்குச் சட்டி போகிறது என்று பார்த்தால் போதும். ஒரு தடவை சட்டி போன வீட்டு ஆள் மறு வருஷம் பந்திக்கு வந்து நான் பார்த்ததில்லை. நான் இன்னும் சட்டிக்கு ஆள் ஆகவில்லை என்று சொன்னேன். அவள் நல்லவள்தான், ஆனால் வாய். சரி மாமா, இன்னைக்குப் பந்தியில நீங்களா சாப்பிட்டு எழுந்திரிச்சா அடுத்த வருஷமும் கூட்டிட்டு வாரேன், சட்டையில கொட்டிட்டு உட்கார்ந்திருந்தீங்கன்னா இனிமே சட்டிதான், அழக் கூடாது. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டு சொல்வதெல்லாம் நடந்துவிடும். இப்போது பெண்கள் பந்தியில், பந்தலின் அந்தக் கோடியில், கழுத்தை நீட்டி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரியும். நான் திரும்பமாட்டேன்.

வாசலில் ஏசுவடியான் நிற்கிறானே, அந்த இடம் என் இடம். அசனத்தில் உப்புப் போடுவதற்கு ஒரே ஒரு ஆள்தான். ஜெபத்துக்கு முன்னால் யாரும் ருசி பார்க்கக் கூடாது, நாக்கில் ஒரு சொட்டு வைக்கக் கூடாது, முதல் வாய் பந்திக்குத்தான். அதனால் உப்புப் போடுகிறவன் கொதிக்கிற வாசனையையும் கறியின் நிறத்தையும் பார்த்து, தன் கையை நம்பிப் போட வேண்டும். போட்டவனே முதல் பந்திக்குக் குழம்பு ஊற்றவும் வேண்டும். தப்பு இருந்தால் முகங்களை அவன் நேருக்கு நேர் பார்க்கட்டும் என்று அந்தக் காலத்தில் வைத்த ஏற்பாடு. என் அப்பா போட்டார், அவருக்குப் பிறகு நான் போட்டேன், ஒரு வருஷம்கூட ஒரு முகமும் சுளித்ததில்லை. அந்த வருஷம் வரைக்கும். நான் உப்பைப் போட்டு, உப்புப் பெட்டியை மறுபடியும் மூட்டையிலிருந்து நிரப்பி வைத்துவிட்டு, எல்லோரோடும் ஜெபத்துக்குப் போனேன். தீயைப் பார்க்க ஏசுவடியானை நிறுத்திவிட்டுப் போனேன். திரும்பி வந்து வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றினேன். முதல் ஆள் ஒரு ரிட்டையர்டு வாத்தியார். சோற்றைப் பிசைந்தார், வாயில் வைத்தார், வைத்தபடியே நிறுத்தினார். துப்பவில்லை. ஜெபம் பண்ணின சாப்பாட்டைத் துப்பமாட்டார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது. அடுத்த ஆள், அதற்கடுத்த ஆள். வரிசை முழுக்க ஒரே மாதிரி நின்றது. தண்ணீர் தண்ணீர் என்று மட்டும் கேட்டார்கள். நான் வாளியோடு நடுவில் நின்றேன். அன்றைக்கு என் கால் இரண்டும் நன்றாகத்தான் இருந்தது, ஓடியிருக்கலாம். அப்போதிருந்த குருவானவர் வந்து, ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார், ஞானாபரணம், ரெண்டு தடவை போட்டீரா. இல்லை ஐயா. வேற யாராவது போட்டாங்களா. நான் ஏசுவடியானைப் பார்த்தேன். அவன் பாயை உதறிக்கொண்டிருந்தான். காது கேட்கிற தூரம்தான். பாயில் ஒரு தூசி இல்லை, உதறிக்கொண்டே இருந்தான். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ராகேல், என் மனைவி, சொன்னாள். அவள் ஜெபத்துக்குப் போகாமல் கொட்டகைக்குப் பின்னால் இலை கழுவிக்கொண்டிருந்தாளாம். உங்க தம்பி பெட்டியைப் பார்த்தான், நிறைஞ்சு இருந்துச்சு, அண்ணன் மறந்துட்டாரேன்னு தலையில அடிச்சிக்கிட்டு அள்ளிப் போட்டான், நான் பார்த்தேன். நான் சட்டையை மாட்டினேன். அவள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். அவன் பொண்டாட்டிக்கு இது நிறை மாசம், ஊரே அவளைப் பேசும், நீங்க போய்ச் சொல்லப்பிடாது, அவனா வந்து சொல்லட்டும். சரி, அவனாக வந்து சொல்லட்டும். சட்டையைக் கழற்றினேன். அவன் மகன் பிறந்தான், படித்தான், கல்யாணமாகி இரண்டு பிள்ளைக்குத் தகப்பனும் ஆகிவிட்டான். ராகேல் செத்துப்போனாள். அவன் இன்னும் வந்து சொல்லவில்லை. கை தவறினதற்கு நான் கோபப்படவில்லை, யார் கையும் தவறும், நல்ல எண்ணத்தில்தான் போட்டான். வாயைத் திறக்காமல் பாயை உதறினானே, அதற்குத்தான். எனக்கு உப்பளம் என்று பெயர் வைத்தார்கள். உப்பளம் வீடு எது என்று கேட்டுக்கொண்டு தபால்காரன் வருவான். என் பையன்களைப் பள்ளிக்கூடத்தில் சின்ன உப்பளம், பெரிய உப்பளம் என்றார்கள். மூத்தவன் ஊரை விட்டுப் போனதற்கு ஆயிரம் காரணம் சொல்வான், அதில் ஒன்று இது. மறு வருஷம் கமிட்டியில் கூப்பிட்டு, ஞானம், உமக்கு வேலை ஜாஸ்தி, இந்தத் தடவை தம்பி பார்க்கட்டும் என்றார்கள். தம்பி. அவன் தலையைக் குனிந்துகொண்டு ஏற்றுக்கொண்டான். தலையைக் குனிந்தால் போதுமா.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆண்டவரிடம் மட்டும் சொன்னேன். தினமும் சொன்னேன். அவர் என்ன செய்தார். கையை எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இப்போதிருக்கிற குருவானவர், சின்ன வயசு, நல்ல பையன், வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்து சொன்னார், தாத்தா, நம்ம பெலன் போற இடத்துலதான் ஆண்டவரோட கிருபை நமக்குத் தெரியும், பெலனா இருக்கும்போது நாம அவரைப் பார்க்கவே மாட்டோம். சொல்லிக்கொண்டே ஆரஞ்சுப் பழத்தை உரித்தார். இரண்டு கையாலும். தோல் ஒரே சுருளாக வந்தது. நான் அந்தச் சுருளையே பார்த்தேன். கிருபையைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கெல்லாம் கை நன்றாக வேலை செய்கிறது. என்ன கிருபை என்று கேட்க நினைத்தேன், அப்போது நாக்கு குழறிக்கொண்டிருந்தது, கேட்டால் வேறு ஏதோ போலக் கேட்கும் என்று விட்டுவிட்டேன். ராத்திரியில் மூத்திரப் பாத்திரம் வைக்க நர்ஸைக் கூப்பிட வேண்டும், கூப்பிட வெட்கப்பட்டுக்கொண்டு நனைந்தபடி கிடப்பேன். அப்போதும் அவரைத் தேடிப் பார்த்தேன், சும்மா சொல்லக் கூடாது, தேடினேன். பொய் சொல்லவில்லை, களவு செய்யவில்லை, ஒருவனைக் காட்டிக்கொடுக்காமல் ஒரு கெட்ட பெயரைச் சுமந்தேன், சுமக்கிறவன் கையை முறிப்பதா நியாயம் என்று கேட்டேன். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் பதில். ஏசுவடியான் ஒருநாள் பார்க்க வந்தான், ஆர்லிக்ஸ் பாட்டிலோடு. நான் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் நின்றான். மூச்சு கேட்டது. சொல்லப் போகிறான் என்று நினைத்தேன், கண் மூடியிருக்கிறவனிடம் சொல்வது சுலபம்தானே, அதற்குக்கூடத் தயாராக இருந்தேன். பாட்டிலை வைத்துவிட்டுப் போய்விட்டான். எப்சிபா அதை அவனுடைய சின்னப் பேத்திக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள், நான் சொல்லித்தான்.

சோறு வந்துவிட்டது. ஓலைப் பெட்டியில் சுமந்துகொண்டு வந்து தட்டால் அள்ளித் தட்டுகிறார்கள், ஆவி முகத்தில் அடிக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் வடக்கே ஏதோ ஊரிலிருந்து வருஷா வருஷம் வருகிற ஆட்டு வியாபாரி, சுடலைமுத்து என்று பெயர் சொன்னான், எங்கள் சபைக்காரன் இல்லை. என்ன அண்ணாச்சி, அப்படியே பார்த்துக்கிட்டு இருக்கீரு, சோறு நம்மளைப் பார்த்துச் சாப்பிடப் போறதில்ல. குழம்பு வரட்டும் என்றேன். ரசம்கூட வேண்டாம்வே எனக்கு, உங்க சாமி சோறு வெறும் சோறே இறங்கும், நம்ம கோயில் கொடையில இவ்வளவு போடமாட்டான், கறியை எண்ணித்தான் போடுவான். எதிர் வரிசைக்காரர்கள் சிரித்தார்கள். என் கையை அவன் பார்த்துவிட்டான், மடியில் செத்த கோழி மாதிரி கிடக்கிறதை. பார்த்துவிட்டு இலை ஓரத்தைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நல்லவன். நல்லவர்கள் எல்லாம் திருப்பிக்கொள்கிறார்கள். சரி, குழம்பு வருவதற்குள் ஒரு தடவை முயன்று பார்ப்போம். இடது கையால் வலது கையைத் தூக்கி இலையில் வைத்தேன். விரல் சூட்டை உணர்ந்தது, அதுவரைக்கும் நல்லது. வெறும் சோற்றை உருட்டினேன். உருண்டது. கிளம்பு என்றேன். இலையை விட்டுக் கிளம்பியது, வயிறு, நெஞ்சு, அங்கே நின்றது. தோள் மட்டும் துள்ளுகிறது, பாரம் ஏற்றின வண்டி மேட்டில் நிற்கிற மாதிரி. தலையைக் குனிந்து வாயைக் கொண்டுபோய்ப் பார்த்தேன், மாடு தொட்டியில் வைப்பது போல, என்ன வெட்கம், கழுத்தும் எட்டவில்லை. உருண்டை உடைந்து சட்டையில் விழுந்தது. வெள்ளைச் சட்டை. எப்சிபா தேய்த்துத் தந்தது. சோறு ஒவ்வொரு பருக்கையாகப் பொத்தானில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சட்டையில கொட்டிட்டு உட்கார்ந்திருந்தீங்கன்னா. பெண்கள் பக்கம் யாரோ எழுந்த மாதிரி இருக்கிறது. அவள்தான். வருகிறாளா. வரக் கூடாது ஆண்டவரே, அவளை உட்கார வையும், எத்தனை வருஷமாகக் கேட்கிறேன், ஒன்றும் செய்யவில்லை, இதையாவது செய்யும். அவள் வந்தால் அவ்வளவு பேர் மத்தியில் குழந்தைக்குத் துடைப்பது போலத் துடைப்பாள், கைத்தாங்கலாக எழுப்புவாள், தூக்குச் சட்டி ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். நான் அழமாட்டேன். அழுதால் அவர்களுக்குச் சந்தோஷம்.

நிழல் விழுந்தது. வாளி. நான் நிமிரவில்லை, வேட்டியைப் பார்த்தாலே தெரியும், கரையில் குழம்புத் தெறிப்பு, முழங்காலில் கட்டின துணி, அவனுக்கும் மூட்டு போய்விட்டது. கரண்டி வாளிக்குள் போன சத்தம் கேட்டது, வெளியே வந்த சத்தம் கேட்கவில்லை. பார்க்கிறான். என் சட்டையைப் பார்க்கிறான். பார், நன்றாகப் பார். உனக்காக நான் சுமந்தது எல்லாம் இங்கே வந்து நிற்கிறது. ஆண்டவரே, உம்மிடம் உதவி கேட்டேன், அதற்கு அனுப்பினது இவனையா. உமக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா, இந்தச் சபையில் இத்தனை பேர், அந்த ஆட்டு வியாபாரியைக்கூட அனுப்பியிருக்கலாமே. அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டான். பரிமாறும்போது வாளியைக் கீழே வைக்கக் கூடாது, அவனுக்குத் தெரியும். எதிர் வரிசையில் ஒருவன் கத்தினான், ஏ ஏசுவடியான், குழம்பு எங்கடே, இங்க சோறு காயுது. இரு, வாரேன் என்றான், என்னைப் பார்த்தபடி. பிறகு உட்கார்ந்தான். ஒரு கையை மண்ணில் ஊன்றி, அம்மா என்று முனகிக்கொண்டு, என் இலைக்கு எதிரே. குழம்பை ஊற்றினான், கறியைச் சின்னதாகப் பிய்த்துச் சோற்றோடு சேர்த்தான். ஊட்டப் போகிறான் என்று நினைத்தேன். ஊட்டினால் துப்பிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டேன், ஜெபம் பண்ணின சோறானாலும் சரி. அவன் ஊட்டவில்லை. உருண்டையைப் பிடிங்க அண்ணே என்றான் மெதுவாக. பிடித்தேன், ஏன் பிடித்தேன் என்று தெரியவில்லை. தன் கையை என் முழங்கைக்குக் கீழே கொடுத்தான். அவ்வளவுதான். மில்லில் எவ்வளவு பெரிய லோடுமேனாக இருந்தாலும் மூட்டையைத் தானே தன் முதுகில் ஏற்றிக்கொள்ள முடியாது, பின்னாலிருந்து ஒருவன் ஒரு தள்ளுத் தள்ள வேண்டும், அதற்குப் பிறகு சுமப்பது நம் பாடு. அந்தத் தள்ளு. கை எழுந்தது, நெஞ்சைத் தாண்டியது, தாடை, என் விரல் என் உதட்டைத் தொட்டது. என் விரல். நான் சாப்பிட்டேன். என் கையால் நான் சாப்பிட்டேன். எத்தனையோ மாதமாக ஸ்பூனின் இரும்பைத்தான் நக்கிக்கொண்டிருந்தேன், சோற்றில் விரலின் ருசியும் உண்டு என்பது மறந்தே போயிருந்தது. பெண்கள் பக்கம் எழுந்தவள் நின்றுவிட்டாள், ஓரக்கண்ணில் தெரிந்தது. இன்னொரு வாய் என்றான். இன்னொரு வாய். சுடலைமுத்து தலையைத் தூக்காமலே சொன்னான், மெதுவா வே, விக்கும், தண்ணி இங்க இருக்கு. யாரும் பரிதாபப்படவில்லை. பந்தி முழுக்கச் சாப்பிடுகிற சத்தம்தான் கேட்டது.

ஆஸ்பத்திரியில் தேடினேன், மின்விசிறிதான் இருந்தது. இங்கே தேடவில்லை, அதட்டிக்கொண்டிருந்தேன், வந்து முழங்கைக்குக் கீழே நின்றுகொண்டது. இது கிருபை என்றால் நான் மறுக்கவில்லை ஆண்டவரே, வாய்க்குள் போன சோற்றை எப்படி மறுப்பது. ஆனால் இது நியாயமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கொடுப்பதை நேராகக் கொடுத்திருக்கலாம். எனக்குத் தர வேண்டியவனின் கையில் கொடுத்து அனுப்பினால் அவனுக்குப் புண்ணியம், எனக்கு நன்றிக்கடனா. அவன் முகத்தைப் பார்த்தேன், அப்போதுதான் முதல்முறை, இத்தனை வருஷத்தில் இவ்வளவு கிட்டத்தில். கிழவனாகிவிட்டான். இமை முடி நரைத்திருக்கிறது. வேர்வை மூக்கு நுனியில் நின்றது, துடைக்க அவனுக்குக் கை காலி இல்லை, ஒரு கை என் முழங்கையில், மறு கை மண்ணில். வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னேன், சொல்லுலே. என்ன அண்ணே. உனக்குத் தெரியும். அவன் இலையைப் பார்த்தான். உதடு பிரிந்தது. அண்ணே, ராகேல் மதினி அன்னைக்கு, என்று தொடங்கினான், அவ்வளவு தூரம் வந்துவிட்டான், மதினி பார்த்தாள் என்பது அவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. எதிர் வரிசைக்காரன் மறுபடியும், என்னவே, அண்ணன் தம்பி கொஞ்சி முடிஞ்சாச்சுன்னா எங்களுக்கும் கொஞ்சம் ஊத்தும். எல்லோரும் சிரித்தார்கள். ஏசுவடியானும் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில் அது உள்ளே போய்விட்டது, போவதை நான் பார்த்தேன். எழுந்திருக்க முடியாமல் என் தோளையே பிடித்து எழுந்தான், நல்ல தோளை, வாளியை எடுத்தான், இந்தா ஊத்திட்டு வாரேன் அண்ணே, சாப்பிடாம இருங்க, வாரேன் என்று வரிசையோடு போனான். நான் சட்டையில் இருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாக இடது கையால் எடுத்து இலை ஓரத்தில் வைத்தேன். சோறு பாதிக்கு மேல் கிடக்கிறது. அவன் வரிசையின் கடைசிக்குப் போய்த் திரும்பினான். ஒவ்வொரு முகத்தையும் பார்த்து ஊற்றுகிறான், ஒன்றும் சுளிக்கவில்லை. வாளியை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் வருகிறான். நான் மன்னிக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை அவன் எனக்குத் தர வேண்டும், இந்தப் பந்தியில் இல்லாவிட்டால் அடுத்த வருஷப் பந்தியில், நான் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன். எதிரே வந்து மண்ணில் கை ஊன்றினான். உருண்டையை நானே பிடித்து, முழங்கையை அவன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.